12 வோல்ட் இன்வெர்ட்டர், 4 லித்தியம் செல், 2 பேனல்: இந்தக் கணக்கு தேறுமா?

உடுமலைக்காரன்:

வணக்கம். உடுமலைக்குப் பக்கத்தில் கிராமம், 900 சதுர அடி தார்சு வீடு, சுற்றிலும் தென்னை. நான் வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறேன், கரண்ட் போனால் வேலையும் போச்சு. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வருகிறது, அது போக ஆடிக் காற்றில் லைன் மேல் மட்டை விழுந்தால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது இருப்பது 850 விஏ ஹோம் இன்வெர்ட்டர், 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரி. வாங்கி 5 வருஷம் ஆகிறது. தண்ணீர் எல்லாம் ஒழுங்காகத்தான் ஊற்றினேன், ஆனாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. இன்னொரு டியூபுலர் வாங்க மனசு வரவில்லை. ஒரு மாதமாக வீடியோ பார்த்துப் பார்த்து நானே ஒரு திட்டம் போட்டிருக்கிறேன்:

280 ஏஹெச் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 4, சீரீஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) கட்டினால் 12.8 வோல்ட், சுமார் 3.5 யூனிட் வருகிறது. செல்களைக் காவல் காக்க 100 ஆம்பியர் பிஎம்எஸ் (பேட்டரி மேலாண்மை போர்டு). மாடியில் 540 வாட் பேனல் 2, அதையும் சீரீஸில். பேனலின் முழு வாட்டையும் பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜில் மாற்றிக் கொடுக்க 100 வோல்ட் 30 ஆம்பியர் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர். இன்வெர்ட்டர் இருக்கிறதே போதும் என்று நினைக்கிறேன். வீட்டு போர்டில் இருந்து கழற்றிய எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச்) 2 சும்மா கிடக்கிறது, அதைப் பேனலுக்கும் பேட்டரிக்கும் போட்டுக்கொள்ளலாம்.

பகலில் ஓட வேண்டியவை: பழைய ஃபேன் 2, லேப்டாப், மானிட்டர், வைஃபை, 190 லிட்டர் ஃபிரிட்ஜ், அம்மாவுக்கு மிக்ஸி. முடிந்தால் 1 ஹெச்பி போர் மோட்டாரும். மானியம் ஏதாவது கிடைக்குமா? எங்கே தப்பு என்று தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்லுங்கள், இன்னும் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யவில்லை.

பழைய வயர்மேன்:

செலவு செய்யும் முன்னால் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. எல்லாரும் வாங்கிக் கட்டிவிட்டுப் புகை வந்த பிறகுதான் போட்டோ போடுகிறார்கள்.

முதல் தப்பு 12 வோல்ட். உங்கள் கன்ட்ரோலர் 30 ஆம்பியர்தான் கொடுக்கும். 13 வோல்ட் பேட்டரிக்கு 30 ஆம்பியர் என்றால் 390 வாட். 1080 வாட் பேனலை மாடியில் ஏற்றிவிட்டு 390 வாட் எடுக்கப் போகிறீர்கள், மீதி ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். 24 வோல்ட்டுக்குப் போனால் அதே ஆம்பியருக்கு இரண்டு மடங்கு வாட் வரும். நம் ஊர் வெயிலில் பேனல் 60, 65 டிகிரிக்குச் சுடும், சூடு ஒரு டிகிரி ஏற ஏற ஏறக்குறைய 0.35 சதவீதம் பவர் குறையும், அதனால் 1080 வாட் என்று எழுதியிருந்தாலும் உச்சி வெயிலில் 850, 900தான் பார்ப்பீர்கள். 24 வோல்ட்டில் 40 ஆம்பியர் கன்ட்ரோலர் போதும்.

பேட்டரி வயரிலும் இதே கதை. 12 வோல்ட்டில் 1500 வாட் இழுத்தால், இன்வெர்ட்டரில் வீணாகிறதையும் சேர்த்து 145 ஆம்பியர் ஓடும். அந்தக் கனத்துக்குக் கேபிளும் லக்கும் சரியாக அமைவது லேசில்லை. 24 வோல்ட்டில் 75க்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது தப்பு, இதுதான் முக்கியம், 100 வோல்ட் கன்ட்ரோலர். 540 வாட் பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்கள், திறந்த சுற்று வோல்டேஜ் (எதையும் இணைக்காதபோது இருப்பது) 49.5 பக்கம் இருக்கும். இரண்டு சீரீஸ் என்றால் 99. அடடா, 100க்குள் அடங்கிவிட்டதே என்று தோன்றும். ஆனால் அந்த 49.5 என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது. குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு 0.27 சதவீதம் மாதிரி. மார்கழி விடிகாலையில் உங்கள் பக்கம் 18 டிகிரி இருக்கும், வெயில் பட்ட முதல் நிமிஷம் 101 வோல்ட் நிற்கும். கன்ட்ரோலர் போய்விடும், வாரண்டியும் கிடைக்காது, ஏனென்றால் சில மாடல்கள் உள்ளே வந்த அதிகபட்ச வோல்டேஜைப் பதிந்து வைத்திருக்கும். 150 வோல்ட் வாங்குங்கள்.

விலை குறைவு என்று பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பக்கம் போய்விடாதீர்கள். அது பேனலைப் பேட்டரி வோல்டேஜுக்கே இழுத்துவிடும், 13 ஆம்பியரை 26 வோல்ட்டில் எடுத்தால் 540 வாட் பேனல் 340 வாட் பேனல் ஆகிவிடும்.

வீட்டு எம்சிபி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், டீ ஆறுகிறது.

கணக்குப்பிள்ளை:

நான் வேறு மாதிரி கேட்கிறேன். ஈபி பில் எவ்வளவு வருகிறது? இரண்டு மாதத்துக்கு 300, 350 யூனிட் என்றால் முதல் 100 இலவசம் போக பில் ஆயிரத்துக்குள்தான் இருக்கும். 1 கிலோவாட் பேனல் நாளைக்கு 4 யூனிட் கொடுத்து, அதை முழுசாக நீங்கள் பயன்படுத்தினால்கூட (படுத்த மாட்டீர்கள்) வருஷத்துக்கு ஐயாயிரம்தான் மிச்சம். பேட்டரி போட்ட காசு இந்த ஜென்மத்தில் திரும்பாது.

மானியம் பற்றிக் கேட்டீர்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000க்கு மேல் இல்லை. ஆனால் அது ஈபி லைனோடு இணைத்து, பதிவு செய்த நிறுவனம் மூலம், இந்தியாவில் செய்த செல் உள்ள பேனல் போட்டால்தான். நீங்களே பேட்டரி கட்டி மாட்டிக்கொள்வதற்குப் பைசா கிடையாது.

பேசாமல் 3 கிலோவாட் ஆன்-கிரிட் (பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைத்தது) போட்டு மானியத்தை வாங்கிக்கொண்டு, பழைய இன்வெர்ட்டருக்கு ஒரு புது டியூபுலர் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

உடுமலைக்காரன்:

பில் 320 யூனிட் பக்கம், நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் நான் மிச்சம் பிடிக்க இதைச் செய்யவில்லை. ஒரு கேள்வி: ஆன்-கிரிட் போட்டால் கரண்ட் இல்லாத நாளில் பகலில் அதுவே ஓடும் அல்லவா?

கணக்குப்பிள்ளை:

ஓடாது. நிறையப் பேர் போட்ட பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். ஈபி லைன் செத்தால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், நிற்கவும் வேண்டும். பராமரிப்பு நாளில் கம்பத்தில் ஏறியிருக்கிறவர் கைக்கு உங்கள் மாடியில் இருந்து கரண்ட் போகக் கூடாது இல்லையா.

சரி, மிச்சம் வேண்டாம், கரண்ட்தான் வேண்டும் என்றால் என் வாதம் செல்லாது. ஆனால் அப்படியானால் பேட்டரியைச் செலவு என்றே எழுதுங்கள், முதலீடு என்று எழுதாதீர்கள். வீட்டில் கேட்டாலும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

காவிரிக்கரை:

நான் 2022ல் 8 செல் கட்டினேன், 24 வோல்ட், 280 ஏஹெச். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்கூல் டீச்சர் நான், எலக்ட்ரிகல் படிப்பு எதுவும் கிடையாது, ஆனால் பயம் நிறைய உண்டு, அதுதான் காப்பாற்றியது.

தம்பி, வீடியோக்களில் ஆப்பில் தெரியும் செல் வோல்டேஜைக் காட்டி அழகாக இருக்கிறது என்பார்கள், நம்பாதீர்கள். எல்எஃப்பி செல் 30 சதவீதத்தில் இருந்தாலும் 80 சதவீதத்தில் இருந்தாலும் 3.3 வோல்ட் பக்கம்தான் காட்டும். பால் பாத்திரத்தை வெளியில் இருந்து பார்த்து எவ்வளவு பால் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. வித்தியாசம் தெரிவது இரண்டு முனையில் மட்டும்: 3.4க்கு மேல் விறுவிறு என்று ஏறும், 3.0க்குக் கீழே விறுவிறு என்று இறங்கும். அதனால் வந்த செல்களை அப்படியே சீரீஸில் மாட்டினால் ஒரு செல் முதலில் 3.65ஐத் தொட்டு பிஎம்எஸ் சார்ஜை வெட்டிவிடும், மற்ற ஏழும் பாதி வயிறோடு நிற்கும். மாட்டும் முன்னால் எல்லாச் செல்லையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், டாப் பேலன்ஸ் என்பார்கள்.

அதை நான் எப்படிச் சொதப்பினேன் என்று சொல்கிறேன். எட்டையும் பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கட்டி 10 ஆம்பியர் பெஞ்ச் சப்ளையில் (வோல்டேஜைத் திருகி வைக்கும் டிசி பெட்டி) 3.6 வோல்ட் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மறுநாள் 3.32. அதற்கு மறுநாளும் 3.33. சப்ளை கெட்டுவிட்டது என்று நினைத்து வோல்டேஜைத் திருகி ஏற்றப் போனேன். நல்லவேளை, என் தம்பி போனில் கணக்குப் போட்டான்: 280ஐ எட்டால் பெருக்கு அக்கா, 2240 ஏஹெச், 10 ஆம்பியரில் காலியில் இருந்து நிரம்ப 224 மணி நேரம் ஆகும் என்று. செல் வரும்போது பாதிக்குக் கீழேதான் சார்ஜ் இருக்கும், ஆகவே ஒரு வாரம் ஆவது இயற்கை. அந்தத் திருகலில்தான் பல பேர் செல்லை ஊதவிடுகிறார்கள். சுருக்கு வழி: முதலில் பிஎம்எஸ் போட்டு சீரீஸிலேயே சார்ஜ் செய்யுங்கள், ஏதோ ஒரு செல் முட்டி நின்றதும் பிரித்துப் பேரலலில் கட்டி 3.6க்கு நிரப்புங்கள். ஒன்று இரண்டு நாளில் முடியும். வோல்டேஜை வைத்துவிட்டுத்தான் செல்லோடு இணைக்க வேண்டும், இணைத்த பிறகு அந்தத் திருகைத் தொடவே கூடாது.

கொள்ளளவை அளந்து பாருங்கள். எனக்கு 280 என்று விற்றது அளந்தபோது 262தான் வந்தது. முழு சார்ஜில் இருந்து நிலையான லோடு போட்டு, டிசி மீட்டரில் எவ்வளவு ஏஹெச் வெளியே போனது என்று பார்த்தால் போதும். விற்றவரிடம் கேட்டேன், அவர் வானிலையைக் காரணம் சொன்னார்.

வேலை செய்யும்போது ஸ்பேனர் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். இந்தச் செல்லின் உள் தடை அரை மில்லி ஓம்கூடக் கிடையாது, ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் பல ஆயிரம் ஆம்பியர், வெல்டிங்தான். நான் வளையல் மோதிரம் எல்லாம் கழற்றிவிட்டேன், தாலிச் செயினைக் கழற்ற மனசில்லாமல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக் கழுத்துப் பட்டன் வரை மாட்டிக்கொண்டு வேலை செய்தேன், பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். செல்லின் வெளி உறை அலுமினியம், அதிலும் வோல்டேஜ் இருக்கும். மேலே இருக்கிற நீல உறை மெல்லிசு, ஆகவே இரண்டு செல்லுக்கு நடுவே எபாக்ஸி ஷீட் கட்டாயம்.

இடம்: மாடிப்படி ஹெட்ரூமில் வைக்காதீர்கள், சித்திரையில் அது அடுப்பு. 45 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறையும். படுக்கையறையிலும் வேண்டாம், கேஸ் சிலிண்டர் பக்கத்திலும் வேண்டாம். என்னுடையது கீழ்த்தளத்தில், காற்று வரும் வராந்தாவில், இரும்புப் பெட்டிக்குள்.

சார்ஜ் அளவு நான் வைத்திருப்பது 28.2 வோல்ட், ஃப்ளோட் (நிரம்பிய பிறகு பிடித்து வைக்கும் அளவு) 27, கீழே 24 வந்ததும் இன்வெர்ட்டர் நிற்கிற மாதிரி. ஈக்வலைஸ் என்று ஒரு வசதி இருக்கும், அது லெட் ஆசிட் பேட்டரிக்கு. அணைத்துவிடுங்கள். பிஎம்எஸ் வெட்டுகிற அளவுக்கு விடுவதே தப்பு, அது கடைசிக் காவல்காரன், தினம் கூப்பிடக் கூடாது.

கியர் மாத்தி:

இவ்வளவு செலவு எதற்கு? பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி எடைக்குக் கிடைக்கிறது, உடைத்தால் நூற்றுக்கணக்கில் 18650 என்கிற சின்ன உருளை செல் வரும். நல்லதைப் பொறுக்கி ஸ்பாட் வெல்ட் அடித்தால் கால்வாசி விலையில் வேலை முடிந்தது.

காவிரிக்கரை:

கூடாது என்று சொல்வேன். அவற்றில் பெரும்பாலும் என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகை லித்தியம்), எல்எஃப்பி இல்லை. ஒன்று சூடேறிப் பற்றினால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் அடங்காது. எல்எஃப்பியும் முழு சாது இல்லை, ஊதினால் எரியக்கூடிய வாயு விடும், ஆனால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். எந்த ஸ்கூட்டரில் எத்தனை அடி வாங்கியதோ தெரியாத செல்லை வயதான அம்மா இருக்கும் வீட்டில் ராத்திரி முழுக்க சார்ஜில் விடுவதா? ஒர்க்‌ஷாப்பில் விளையாடிப் பார்க்க வேண்டுமானால் உங்கள் இஷ்டம்.

பழைய வயர்மேன்:

டீச்சரம்மா எழுதியதில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். எம்சிபி பாக்கி இருக்கிறது.

வீட்டு எம்சிபி ஏசிக்கு. ஏசி ஒரு விநாடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொடும், பொறி அங்கேயே செத்துவிடும். டிசி தொடவே தொடாது, பொறி நின்று எரியும். ஒரு தோட்ட வீட்டில் 4 பேனல் சீரீஸில், ஏசி எம்சிபி போட்டிருந்தார்கள், உச்சி வெயிலில் நான்தான் கீழே தள்ளினேன். உள்ளே நீல வெளிச்சம், உஸ் என்று சத்தம், இரண்டு விநாடியில் உறை உருகி வாசனை வந்துவிட்டது. பேனல் மேல் சாக்கைப் போட்டு மூடித்தான் நிறுத்தினோம். டிசி எம்சிபி என்று கேட்டு வாங்குங்கள், அதிலும் பிளஸ் மைனஸ் குறி போட்டவற்றைத் திருப்பி மாட்டினால் இதே கூத்துதான்.

பேட்டரிக்கு எம்சிபியை மட்டும் நம்பக் கூடாது. பிளஸ் முனைக்கு ஒட்டினாற்போல ஃபியூஸ், கிளாஸ் டி (ஆங்கில T) என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள், நம் கடைகளில் தேட வேண்டும். டிசி வோல்டேஜ் அச்சிட்ட ஹெச்ஆர்சி (பெரிய ஷார்ட் கரண்டையும் வெட்டும்) ஃபியூஸ் கிடைக்கும், 100 ஆம்பியர் போதும். கார் ஆடியோ கடையில் கிடைக்கிற ஃபியூஸ் லித்தியத்தின் ஷார்ட் கரண்டை வெட்டும் என்று எண்ணாதீர்கள்.

உங்கள் பழைய இன்வெர்ட்டர் பற்றி ஒன்று, இதை யாரும் வீடியோவில் சொல்ல மாட்டார்கள். அது ஈபி இருக்கிற நேரமெல்லாம் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே காலை 9 மணிக்கு வெயில் வரும்போது பேட்டரி ஏற்கெனவே ஃபுல், பேனலுக்கு வேலையே இல்லை. மாசத்துக்கு ஒரு நாள் தவிர மாடியில் இருப்பது வெறும் அலங்காரம். சோலார் முன்னுரிமை உள்ள 24 வோல்ட் இன்வெர்ட்டர் வாங்குங்கள். எம்பிபிடி உள்ளேயே இருக்கிற ஹைபிரிட் என்றால் பேனல் வோல்டேஜின் கீழ் வரம்பைப் படித்துப் பாருங்கள், சிலது 120 வோல்ட்டுக்குக் கீழே கண் திறக்காது, உங்கள் இரண்டு பேனல் வேலை செய்யும்போது 83தான் வரும். பழைய இன்வெர்ட்டரை விற்றுவிடுங்கள், டியூபுலரை ஈயத்தின் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

மோட்டார் வேண்டாம். 1 ஹெச்பி கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதற்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக்கினால் மற்ற எல்லாம் பெரிதாகும். பராமரிப்பு நாள் முன்கூட்டியே தெரியும்தானே, முந்தின ராத்திரி தொட்டியை நிரப்பிவிடுங்கள். மாடித் தொட்டியும் ஒரு பேட்டரிதான்.

கடைசியாக, தெற்கு பார்த்து 10, 11 டிகிரி சாய்வு போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெறும் கல்லை வைத்து அழுத்தாமல் போல்ட் போடுங்கள். எர்த்திங்கும் இடி தாங்கியும் பேனல் சட்டத்துக்கு வேண்டும். தென்னை நிழல் சாயங்காலம் எங்கே விழுகிறது என்று நான்கு நாள் பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள்.

உடுமலைக்காரன்:

திட்டத்தில் பேனலைத் தவிர எல்லாம் மாறிவிட்டது, ஆனால் மனசு லேசாகிவிட்டது.

நேற்று லோடைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய ஃபேன் ஒன்று 75 வாட், இரண்டுக்கு 8 மணி நேரத்தில் 1.2 யூனிட். வேலைச் சாமான் எல்லாம் சேர்த்து 100 வாட், 0.8. ஃபிரிட்ஜ் அரை யூனிட். ஆக இரண்டரை யூனிட், அதில் பாதி ஃபேன்தான்! பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார்) ஃபேன் 30 வாட் என்கிறார்கள், மாற்றினால் 0.7 யூனிட் பகலிலேயே குறைகிறது. முதலில் வாங்கப்போவது ஃபேன்.

அப்புறம் ஒரு குழப்பம். 8 செல் என்றால் 280 ஏஹெச்சில் 7 யூனிட் வருகிறது, எனக்கு அவ்வளவு வேண்டாம். 100 ஏஹெச் செல் 8 போட்டால் இரண்டரை யூனிட், பகலில் பேனலும் கூட வரும். எது?

காவிரிக்கரை:

100 போதும் என்றுதான் நானும் சொல்வேன். உங்கள் பேனல் நாளைக்கு 4 யூனிட், வீட்டுச் செலவு போக 7 யூனிட் பேட்டரி நிரம்பவே பல நாள் ஆகும். ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள் மூட்டம் போட்டால் மட்டும் பெரியது உதவும், அதற்கும் ஈபியில் நிரப்பிக்கொள்ளலாம்.

பழைய வயர்மேன்:

நான் 280 கட்சி. யூனிட்டுக்குக் கணக்குப் பார்த்தால் பெரிய செல்தான் மலிவு, எல்எஃப்பியில் புதுச் செல்லைப் பழையதோடு சேர்ப்பது தொல்லை, அப்புறம் பத்தாது என்று வருவீர்கள். ஆனால் டீச்சரம்மாவோடு சண்டைக்கு வரமாட்டேன்.

உடுமலைக்காரன்:

கையில் இருக்கிற காசுக்கு 100 ஏஹெச்தான். தை பிறந்ததும் ஆர்டர் போடுகிறேன். ஃபியூஸ் ஹோல்டர் கோவையில் எங்கே கிடைக்கும்?

பழைய வயர்மேன்:

பேனல் போர்டு செய்கிறவர்கள் சாமான் வாங்கும் கடையில் கேளுங்கள், சாதாரண ஸ்விட்ச் கடையில் தலையைச் சொறிவார்கள். பிஎம்எஸ், பேலன்சர் வகையறா சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். செல் வந்ததும் கட்டும் முன்னால் எட்டின் வோல்டேஜையும் அளந்து இங்கே போடுங்கள். லாரியில் அடிபட்டு முனை வளைந்திருந்தால் பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.